சிலிப் ஆன போல்ட்: இன்ஜினை உடைக்காமல் கழற்றுவது எப்படி?



போல்ட் கணக்கு போடாமல் மெக்கானிக்கல் முடிச்சவங்க யாரும் இல்ல. பிஎஸ்ஜி டேட்டா புக்கைப் புரட்டி, எம்6-க்கு ஏரியா எவ்வளவு, எம்8-க்கு எவ்வளவு என்று தேடி எடுத்து, ஸ்ட்ரெஸ் கண்டுபிடித்து, கடைசி வரியில் 'டிசைன் இஸ் சேஃப்' என்று எழுதிவிட்டு ஹாலை விட்டு வெளியே வந்துவிடுவோம். ஒரு போல்ட்டை எவ்வளவு முடுக்கலாம் என்று நமக்கு நல்லாத் தெரியும். அதே போல்ட் பத்து வருஷம் வெயில், மழை, சேறு, துரு எல்லாம் பார்த்த பிறகு அதை எப்படிக் கழற்றுவது? அதுக்கு நமக்கு இரண்டு மார்க் கேள்விகூட வர்றதில்ல.

அந்தப் பாடம் நடக்கிற இடம் வேற. பழங்காநத்தத்துல இருந்து பசுமலை வழியா திருப்பரங்குன்றம் போற ரோட்டுல இருக்கிற டூவீலர் பட்டறைகள்தான் அந்த கிளாஸ் ரூம். லீவு நாட்களில் பசுமலைப் பக்கம் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததையும், நாம கிளாஸ்ல படிச்சதையும் சேர்த்து இந்தக் கட்டுரையை எழுதுறேன். ஜூனியர்ஸ், உங்களுக்காகத்தான். வீட்டு வண்டியை நாமளே பிரிச்சுப் பார்க்கலாம்னு ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிருங்க. சில ரூபாய் போல்ட்டுக்காக அவசரப்பட்டால் பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் கேஸ் போயிடும். அந்த வண்டியை நம்பி நாளைக்குக் காலையில் வேலைக்குப் போக வேண்டிய ஒருத்தரும் இருப்பார்.

முதலில், நோய் என்ன?

மதுரையில் எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதான்: "சிலிப் ஆயிருச்சு". ஆனால் அந்த ஒரே வார்த்தைக்குள் நான்கு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கு. நாலுக்கும் வைத்தியம் வேற.

ஒன்று, தலை மழுங்கினது. ஆறு மூலையும் தேய்ந்து வட்டமாகிவிட்டது. ஸ்பேனர் சுற்றும், போல்ட் சுற்றாது. ஸ்டார் ஸ்க்ரூவின் பள்ளம் தேய்ந்து குழியாவதும், ஆலன் போல்ட்டின் உள் மூலைகள் போவதும் இதே வகைதான்.

இரண்டு, பிடிச்சுக்கிட்டது. தலை நன்றாக இருக்கிறது. ஆனால் துரு ஏறி மரை இறுகிவிட்டது. இதை அவசரப்பட்டுத் திருகினால் முதல் வகையாகவோ மூன்றாவது வகையாகவோ மாறிவிடும்.

மூன்று, ஒடிஞ்சது. தலை கையோடு வந்துவிட்டது, தண்டு உள்ளே மாட்டிக்கொண்டது.

நான்கு, மரை போனது. போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகவும் செய்யாது, வெளியே வரவும் செய்யாது. தேய்ந்தது பெரும்பாலும் போல்ட்டோட மரை இல்லை. இரும்பைவிட மெதுவான அலுமினிய கேஸில் இருக்கும் மரை.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்து, இது எந்த வகை என்று முடிவு பண்ணுங்க. பழைய பல் பிரஷ்ஷால் தலையைச் சுற்றியுள்ள சேற்றைச் சுத்தம் செய்தாலே பாதி பதில் தெரிந்துவிடும். ஆலன் போல்ட், ஸ்டார் ஸ்க்ரூ என்றால் பள்ளத்துக்குள் இருக்கும் மண்ணை ஊசியால் கிளறி எடுக்கணும். உள்ளே மண் இருந்தால் கீ முழு ஆழத்துக்கு இறங்காது. மேல் ஓரத்தை மட்டும் பிடித்து, அதையும் தேய்த்துவிடும்.

தலை ஏன் மழுங்குகிறது? ஒரு சின்னக் கணக்கு

எம்6 போல்ட், 10 மி.மீ. தலை என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தலையின் ஒரு பக்கத்தின் நீளம் 5.8 மி.மீ. போல, அதில் பாதி 2.9 மி.மீ. ஸ்பேனர் தள்ளும் விசை பக்கத்துக்குச் செங்குத்தாக, மூலைக்கு அருகில் விழுகிறது. அதனால் நமக்குக் கிடைக்கும் நெம்புகோல் தூரம் அதிகபட்சம் அந்த 2.9 மி.மீ. மட்டும்தான்.

10 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கிறீர்கள். ஓபன் ஸ்பேனர் பிடிப்பது இரண்டு மூலைகளை மட்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு மூலையிலும் விழுவது சுமார் 1,700 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 175 கிலோ. அதே டார்க்கை ஆறு மூலைகளையும் பிடிக்கிற பாக்ஸ் ஸ்பேனரில் கொடுத்தால், ஒரு மூலைக்கு 60 கிலோவுக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு! இறுகிய போல்ட்டில் ஓபன் ஸ்பேனரை வைக்காதே என்று மாஸ்டர்கள் திட்டுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். அதிலும் ஸ்க்ரூ ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். அதன் தாடை ஆடும். ஆடினால் அந்த 2.9 மி.மீ.யும் குறையும், மூலையில் விழும் விசை கூடும்.

சைஸ் தப்பு என்பது இன்னொரு காரணம். புல்லட் ஓட்டும் நண்பர்களுக்கு இது நல்லாத் தெரியும். 1950-களில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியபோது, இங்கிலாந்து டிசைனோடு இங்கிலாந்து மரை அளவுகளும் கூடவே வந்தன. பழைய புல்லட்டுகளில் விட்வொர்த் கணக்கு ஸ்பேனர் தேவைப்படும். விட்வொர்த் கால் இஞ்ச் ஸ்பேனரின் வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மி.மீ. நம்மிடம் இருக்கும் 13 ஸ்பேனர் அதில் ஏறாது. 14 ஏறும், ஆனால் கிட்டத்தட்ட 0.7 மி.மீ. லூஸ். "ஏறிருச்சுல்ல, போதும்" என்று திருகினால் தலை மழுங்கும். போல்ட்டில் எந்தக் குறையும் இல்லை, வேறு பாஷை பேசும் ஸ்பேனரை அதன் மேல் வைத்துவிட்டோம்.

ஸ்டார் ஸ்க்ரூவிலும் இதே கதை. ஆர்எக்ஸ் 100 மாதிரி 1980-களில் ஜப்பான் கூட்டு முயற்சியில் வந்த வண்டிகளின் இன்ஜின் மூடிகளில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். அவற்றில் பல ஜப்பான் ஸ்டாண்டர்டு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பான் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேற. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராமல், திருகும்போது மேலே ஏறி வெளியே வந்துவிடும். நாலு தடவை அப்படி வந்தால் பள்ளம் குழியாகிவிடும்.

மூன்றாவது காரணம் துரு. ஸ்டீல் போல்ட், அலுமினிய கேஸ், நடுவில் கொஞ்சம் மழைத்தண்ணீர். இரண்டு வேறு உலோகங்கள், ஒரு ஈரம்: சின்ன பேட்டரி ரெடி. அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகி மரையின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். போல்ட் கேஸோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நம் டார்க் எங்கே போகிறது?

இந்த ஒரு விஷயம் புரிந்தால் மற்ற வைத்தியங்கள் எல்லாம் தானாகவே புரியும்.

போல்ட்டை முடுக்கும்போது நாம் கொடுக்கும் டார்க்கில் சுமார் 50 சதவீதம் தலைக்கு அடியில் இருக்கும் உராய்வுக்குப் போய்விடும். சுமார் 40 சதவீதம் மரையில் இருக்கும் உராய்வுக்கு. மிச்சம் இருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டி, பாகங்களை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பத்து சதவீதத்தைக் குறைவாக நினைக்காதீங்க. நாம் படிக்கும் டார்க் ஃபார்முலாவில் கே மதிப்பு 0.2 என்று போட்டுப் பாருங்க: எம்6 போல்ட்டில் 10 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் வரும் இழுவிசை சுமார் 8,300 நியூட்டன். 850 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. ஒரு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத போல்ட்!

இதிலிருந்து இரண்டு பாடம். முதலாவது, பாதிப் பிடிப்பு தலைக்கு அடியில்தான் இருக்கிறது, ஆகவே முதல் வைத்தியம் அங்கேதான் போகணும். இரண்டாவது, அந்த 850 கிலோ இழுவிசை தலை இருக்கும் வரைக்கும்தான். தலை போய்விட்டால் இழுவிசையும் போய்விடும். மிச்சம் இருக்கும் தண்டு, மரையில் துரு இல்லையென்றால், பல நேரம் விரலாலேயே திருகிற அளவுக்கு லூஸாகிவிடும். தலை ஒடிந்தவுடன் பதறுகிறவர்கள் இதை ஞாபகம் வச்சுக்கணும். சில சமயம் வேண்டுமென்றே தலையை எடுப்பதுதான் சரியான வழி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

படிப்படியாக: சேதம் குறைந்ததில் இருந்து தொடங்குங்க

கீழே இருப்பது ஒரு ஏணி. மேலே ஏற ஏற திரும்பி வர முடியாத வேலை. அதனால் முதல் படியில் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நில்லுங்க.

*படி 1: எண்ணெயும் நேரமும்.* டபிள்யூடி-40 போல ஏதாவது ஊடுருவும் எண்ணெயைத் தலையின் ஓரத்தில் விட்டு, குறைந்தது அரை மணி நேரம் விடுங்க. ரொம்பத் துரு என்றால் ராத்திரி முழுக்க ஊறட்டும். பட்டறைகளில் மண்ணெண்ணெயோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்தும் விடுவார்கள். ஸ்ப்ரே அடித்த அடுத்த நிமிடமே ஸ்பேனர் போட்டால் எண்ணெய்க்குக் கொடுத்த காசு வீண்.

*படி 2: தட்டுங்க.* ஒரு கம்பியைத் தலையின் நடுவில் நேராக வைத்து, சுத்தியலால் நாலைந்து நறுக்கென்ற தட்டு. பலமான அடி வேண்டாம். தலைக்கு அடியிலும் மரையிலும் இருக்கும் துருப் பிடிப்பை உடைத்து, எண்ணெய்க்கு வழிவிடத்தான் இந்த அதிர்ச்சி. மெல்லிய அலுமினிய மூடி, இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் என்றால் இன்னும் மெதுவாக. அலுமினியம் விரிசல் விட்டால் கதை முடிஞ்சது.

*படி 3: முதலில் முடுக்குங்க.* கழற்றும் பக்கம் திருகுவதற்கு முன், முடுக்கும் பக்கம் ஒரு துளி மட்டும் திருகிப் பாருங்க. துரு அந்தப் பக்கம் உடையும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப முடுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று, கொஞ்சம் எண்ணெய், இப்படியே முன்னும் பின்னும். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் ஒடிந்துவிடும். சில இடங்களில் இடது மரை இருக்கும் என்பதையும் மறக்காதீங்க. சந்தேகம் இருந்தால் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டுத் திருகுங்க.

*படி 4: சூடு.* அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஸ்டீலைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது (பத்து லட்சத்தில் 23 பங்கு, ஸ்டீல் 12). 6 மி.மீ. துளையை 100 டிகிரி சூடேற்றினால், போல்ட்டைவிடத் துளை 0.007 மி.மீ. போல அதிகமாக விரியும். பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் துருவின் பிடியை உடைக்க இது போதும். ஹாட் ஏர் கன் நல்லது. கேஸ் வெல்டிங் நெருப்பு வேண்டாம். ஆயில் சீல், கேஸ்கட் எல்லாம் வெந்துவிடும். இன்னொரு முக்கியமான விஷயம்: பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கும்போதும், ஊற்றிய எண்ணெய் ஈரமாக இருக்கும்போதும் சூடு காட்டவே கூடாது. டேங்கைக் கழற்றி தூரமா வச்சிட்டு, எண்ணெயைத் துடைச்சிட்டு, அப்புறம்.

*படி 5: பிடியை மாற்றுங்க.* தலை மழுங்கியதற்கான வைத்தியம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனரில் ஒரு சைஸ் குறைந்ததைச் சுத்தியலால் தட்டி ஏற்றலாம். அல்லது தலையின் எதிரெதிர் பக்கங்களை அரத்தால் தேய்த்து, 10-ஐ 9 ஆக்கி, 9 ஸ்பேனர் போடலாம். இடம் இருந்தால் வைஸ் கிரிப்பை முடிந்த அளவு இறுக்கிப் பிடித்துத் திருகலாம். ஆலன் போல்ட் என்றால், ஒரு சைஸ் பெரிய டார்க்ஸ் பிட்டைத் தட்டி உள்ளே இறக்கினால் அதன் ஆறு முனைகள் புதுசாகக் கடித்துக்கொள்ளும். ஸ்டார் ஸ்க்ரூவுக்கு இம்பேக்ட் டிரைவர்: பின்னால் சுத்தியலால் அடித்தால், பிட்டைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே திருகும். மேலே ஏறி வழுக்கும் பிரச்சினைக்கு நேர் எதிர் மருந்து. இரண்டாவது படியின் அதிர்ச்சியும் இலவசமாகக் கிடைக்கும்.

*படி 6: உளி, வெல்டிங்.* தலையின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டுப் போட்டு, அந்த வெட்டிலேயே கழற்றும் திசையில் சாய்த்துத் தட்டலாம். இன்னும் நல்ல வழி, மழுங்கின தலைக்கு மேல் ஒரு நட்டை வைத்து, நடுத்துளை வழியாக வெல்டிங் அடிப்பது. புதுத் தலை கிடைக்கும், வெல்டிங் சூட்டில் துருவும் விடும். ஆனால் வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றணும், இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஈசியூ கப்ளரையும் கழற்றணும். எர்த் கிளாம்ப் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கணும்.

*படி 7: தலையை எடுத்துவிடுங்க.* 850 கிலோ கணக்கு இங்கேதான் உதவும். சென்டர் பஞ்ச் வைத்து நடுவைக் குறித்து, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு தண்டின் அளவுக்கு, எம்6 என்றால் 6 மி.மீ. பிட். தலையின் உயரம் வரை மட்டும் துளைக்கணும். தலை வளையம் மாதிரி பிட்டோடு சுற்றிக்கொண்டு வந்துவிடும். இழுவிசை போச்சு. மற்ற போல்ட்களையும் கழற்றி மூடியை எடுத்துவிட்டால், தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகினால், பல நேரம் சும்மா வந்துவிடும்.

ஒடிந்து உள்ளேயே போயிடுச்சா?

தண்டு கேஸின் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ ஒடிந்துவிட்டால் அவசரம் வேண்டாம். இங்கே முக்கியமான ஒரே விஷயம் சென்டர். ஒடிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். அதை முதலில் சமமாக்கி, நடு மையத்தில் பஞ்ச் அடிக்கணும். அரை மி.மீ. தள்ளிப்போனாலும் பிட் மெதுவான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். ஸ்டீலை விட்டுவிட்டு கேஸைத் தின்னும்.

இடது கை டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்க. டிரில்லை ரிவர்ஸில் ஓட்டித் துளைக்கும்போது, துளைக்கிற விசையே கழற்றும் விசையாகவும் இருக்கும். பாதியிலேயே தண்டு பிட்டோடு சுற்றி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

அப்படி வராவிட்டால்தான் ஈஸி அவுட். பேர் மட்டும்தான் ஈஸி. கூம்பு வடிவத்தில் இடது மரை போட்ட கடினமான ஸ்டீல் துண்டு அது. துளைக்குள் போகப் போகக் கடித்துக்கொள்ளும். இரண்டு ஆபத்து. துளை ரொம்பப் பெரிசாக இருந்தால், கூம்பு உள்ளே போகும்போது மிச்சமிருக்கும் மெல்லிய சுவரை விரித்து, போல்ட்டை இன்னும் இறுக்கிவிடும். ரொம்பச் சின்னதாக இருந்தால் ஈஸி அவுட்டே உள்ளே ஒடிந்துவிடும். அது டிரில் பிட்டுக்குச் சமமான கடினம், சாதாரண பிட்டால் அதைத் துளைக்கவே முடியாது. பிறகு ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்துக்குக் கேஸைத் தூக்கிக்கொண்டு போகணும். அதனால் ஒரு விதி வச்சுக்கங்க: மேலே சொன்ன எண்ணெய், தட்டு, சூடு மூன்றுக்கும் வராத போல்ட், ஈஸி அவுட்டுக்கும் லேசில் வராது. கையில் வளைவது தெரிந்தால் உடனே நிறுத்துங்க.

பட்டறையில் பார்த்த ஒன்று

ஒரு நாள் சாயந்திரம் பால் ஊற்றுகிற ஒருத்தர் ஆயில் மாற்ற 100 சிசி வண்டியைக் கொண்டு வந்தார். டிரெயின் போல்ட்டின் தலை ஏற்கெனவே உருண்டை. முன்னால் யாரோ ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டிருக்காங்க. மாஸ்டர் உடனே கை வைக்கவில்லை. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார். சுத்தம் செய்தார், எண்ணெய் விட்டார், நாலு தட்டு தட்டினார். "வாங்க, டீ சாப்பிட்டு வருவோம்" என்று எங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து, தலையின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் தேய்த்து, ஸ்பேனரைத் தட்டி ஏற்றினார். மூன்றாவது இழுப்பில் போல்ட் வந்துவிட்டது.

ஆனால் அதன் மரையில் வெள்ளி நூல் மாதிரி அலுமினியம் சுற்றியிருந்தது. கேஸின் மரையும் போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது.

அப்போது அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. டெஃப்லான் டேப் சுற்றி, ஓரத்தில் எம்-சீல் வைத்து அனுப்பினால் வண்டி அன்றைக்கே போய்விடும், பார்க்கிறவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் அதிர்ந்து ஒரு நாள் போல்ட் விழும். ஆயில் முழுக்க ரோட்டில், கொஞ்சம் பின் டயரில். இன்ஜின் சீஸ் ஆகலாம், வண்டி வழுக்கலாம். இன்னொரு வழி, மரையைச் சரி செய்ய அடுத்த நாள் வரை வண்டியைப் பட்டறையில் நிறுத்துவது. ஆனால் காலையில் நாலு மணிக்கு அவர் பால் எடுக்கப் போகணும்.

மாஸ்டர் போல்ட்டைக் கையில் கொடுத்தே காட்டினார். "அண்ணே, போல்ட் வந்துருச்சு, மரை போயிருச்சு. இப்படியே விட்டா நடு ரோட்டுல கவுத்துரும். நாளைக்கு மத்தியானம் தர்றேன், காலையில என் வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்று தன் மொபெட் சாவியை நீட்டினார். அவர் கொஞ்ச நேரம் அந்தப் போல்ட்டையே பார்த்தார். பிறகு கேனை எடுத்து மொபெட்டில் கட்ட ஆரம்பித்தார்.

டேட்டா புக்கில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டிக்கு ஒரு அட்டவணை இருக்கு. அந்தச் சாவிக்கு எந்த அட்டவணையில் இடம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன மரையைத் திரும்ப வரவைப்பது

இதற்கு மூன்று வழி.

ஹெலிகாயில்: ஸ்பிரிங் மாதிரி சுருட்டிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. எம்6-க்கு, பழைய துளையை 6.2 அல்லது 6.3 மி.மீ. ஆக்கணும் (கிட்டில் என்ன அளவு சொல்லியிருக்கோ அது). அதற்கென்று வரும் டேப்பால் மரை போட்டு, கம்பியைத் திருகி இறக்கி, அடியில் இருக்கும் குட்டி வாலை ஒடித்து எடுத்துவிடணும். அந்த வால் இன்ஜினுக்குள் விழுந்துவிடாமல் பார்த்துக்கங்க. பழைய சைஸ் போல்ட்டே போடலாம். புது மரை ஸ்டீல் என்பதால் பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

பெரிய சைஸ்: எம்6 போன இடத்தில் 6.8 மி.மீ. துளை போட்டு எம்8 டேப் போடுவது. சுற்றிலும் போதுமான உலோகம் இருந்தால் மட்டும்.

புஷ்: லேத் பட்டறையில் வெளியேயும் உள்ளேயும் மரை போட்ட புஷ் கடைந்து இறக்குவது. டிரெயின் போல்ட் மாதிரி அடிக்கடி கழற்றும் இடத்துக்கு நல்ல வழி.

எந்த வழியாக இருந்தாலும் டேப் நேராக இறங்கணும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், சீவல் உடையட்டும். துளைக்கும்போது பிட்டில் கிரீஸ் தடவினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும், இன்ஜினுக்குள் போகாது.

திரும்ப மாட்டும்போது

மழுங்கின போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க. புதுசு வாங்கும்போது நீளம், மரை இரண்டும் சரியா என்று பார்ப்போம், தலையில் இருக்கும் எண்ணை மட்டும் விட்டுவிடுவோம். 8.8 என்றால், முதல் 8 என்பது 800 மெகா பாஸ்கல் இழுவலிமை. புள்ளிக்கு அடுத்த 8, அதில் 80 சதவீதம், அதாவது 640-ல் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும் என்று அர்த்தம். எண்ணே இல்லாத போல்ட்டை இன்ஜினில் மாட்டினால், அடுத்த தடவை இதே கட்டுரையைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. 1912-ல் பஸ் சர்வீஸ் தொடங்கிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாக வைத்து வளர்ந்தது. பசுமலைக்குப் பக்கத்திலேயே டிவிஎஸ் நகர் இருக்கு. அந்தக் குழுமத்தில் வந்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1966-ல் சென்னை பாடியில் ஹை டென்சைல் போல்ட் தயாரிக்க ஆரம்பித்தது. மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் அவியூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. அடுத்த தடவை ஒரு போல்ட் தலையில் எண்ணைத் தேடும்போது, பக்கத்தில் தயாரித்தவர் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்க.

மாட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, முதல் நாலைந்து சுற்று கையாலேயே போகணும். கையில் போகாவிட்டால் கோணல் என்று அர்த்தம், ஸ்பேனரைத் தொடாதீங்க. துரு வரும் இடத்தில் ஆன்ட்டி சீஸ் கொஞ்சம் தடவலாம். ஆனால் உராய்வு குறைந்தால் அதே டார்க்குக்கு இழுவிசை கூடும் என்பதால், மேனுவல் சொல்லும் டார்க்கைக் கொஞ்சம் குறைக்கணும். மூடி போல்ட்களை எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று ரவுண்டில் முடுக்குங்க. முடிந்தால் டார்க் ரென்ச்.

வீட்டுப்பாடம்

பழைய இரும்புக் கடையில் உடைந்த இன்ஜின் கேஸ் ஒன்றை எடைக்கு வாங்குங்க. அதில் துருப்பிடித்த போல்ட் கண்டிப்பா இருக்கும். ஒன்றை எண்ணெயும் தட்டும் மட்டும் வைத்து எடுங்க. இன்னொன்றின் தலையை வேண்டுமென்றே மழுக்கி, அரத்தால் சைஸ் குறைத்து எடுங்க. மூன்றாவதை ஒடித்து, சென்டர் பஞ்ச் அடித்துத் துளைத்துப் பழகுங்க. கண்ணாடி போடாமல் டிரில் பக்கம் போகவே கூடாது. ஓடுகிற டிரில்லில் துணிக் கிளவுஸ் போடக் கூடாது, பிட் சுற்றிக் கையை இழுத்துவிடும்.

மூன்றும் வந்த பிறகு வீட்டு வண்டியில் கை வைங்க. அதுக்கு முன்னாடி அப்பாகிட்டயோ அண்ணன்கிட்டயோ ஒரு கேள்வி கேட்டுருங்க: "நாளைக்குக் காலையில வண்டி வேணுமா?" வேணும்னு சொன்னா, அன்னைக்கு ஸ்பேனர் எடுக்காதீங்க. எண்ணெய் மட்டும் விட்டுட்டுப் போய்த் தூங்குங்க.